வேலையா, படக்கதையா? பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும்

கோட்டுக்காரன்: படிப்பு முடிந்துவிட்டது. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, சேர்வதா இல்லையா என்று பத்து நாளில் சொல்ல வேண்டும். எனக்கு உயிர் படக்கதையில்தான். பணத்துக்காக இதுவரை மூன்று சின்ன வேலைகள் வரைந்து கொடுத்திருக்கிறேன். "முதலில் வேலையில் சேர், படம் எங்கே ஓடிவிடப் போகிறது?" என்கிறார்கள் வீட்டில். முழுநேரமாக வரைய இறங்கலாமா?

பழைய தூரிகை: தம்பி, வேலையில் சேருங்கள். கல்லூரி முடித்த கையோடு முழுநேரம் வரைய வந்தவன் நான். வரைவது ஒருநாளும் பாரமாக இருந்ததில்லை, வரைந்ததற்குக் காசு வாங்குவதுதான் பாரம். இன்வாய்ஸ் அனுப்பினால் "கணக்குப் பிரிவில் இருக்கிறது" என்ற பதிலே மூன்று மாதம் வரும். வாடகை நாள் நெருங்கும்போது எது வந்தாலும் ஒப்புக்கொள்ளத் தோன்றும். ஆறு வருடம் கழித்து எண்ணிப் பார்த்தேன். என் சொந்தக் கதைக்கு வரைந்தது 11 பக்கம். மீதியெல்லாம் லோகோவும் விளம்பர அட்டையும். இப்போது வேலையில் இருக்கிறேன், போன வருடம் மட்டும் 40 பக்கம் முடித்தேன்.

ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி ட்ரோலோப் தபால் துறையில் இருந்துகொண்டே அத்தனை நாவல்களை எழுதினார். காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்து, கால் மணிக்கு 250 சொல். எழுத்தாளர் காஃப்காவும் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்தான்.

நள்ளிரவு மை: அண்ணா, காஃப்காவுக்கு அலுவலகம் மதியம் இரண்டு மணிக்கே முடிந்துவிடும். அப்படியும் தூக்கத்தை விற்றுத்தான் எழுதினார், அந்த வேலையை நினைத்துக் கடைசிவரை புழுங்கினார். இந்தத் தம்பிக்கு எந்த நிறுவனம் இரண்டு மணிக்குக் கதவைத் திறந்துவிடும்?

நானும் "ரெண்டே வருஷம்" என்றுதான் சேர்ந்தேன். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. சம்பளம் ஏறியது, கூடவே கடனும் ஏறியது. ஒருநாள் மகள் குதிரை வரையச் சொன்னாள். ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். அன்று முன்னங்கால் எந்தப் பக்கம் மடங்கும் என்று தெரியவில்லை. பேனா காகிதத்தைத் தொட்டபடி நின்றது, மை ஊறிப் பொட்டாகப் பரவியது. "அப்பா, கால் எங்கே?" என்று கேட்டாள். படம் எங்கும் ஓடாது, சரி. கை மறந்துவிடுமே?

அசோகமித்திரன் 1966இல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டு எழுத வரவில்லையா?

பழைய தூரிகை: வந்தார். 1952இல் சேர்ந்து, பதினான்கு வருடம் வேலை பார்த்த பிறகு வந்தார். கல்லூரி வாசலிலிருந்து நேராக வரவில்லை. குதிரைக் கதை மனதை என்னவோ செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கை மறந்ததற்கு வேலை மட்டுமா காரணம்? தினமும் அரை மணி உட்கார்ந்திருந்தால்?

நள்ளிரவு மை: உட்கார்ந்தேன். மூளை வரவில்லை. பகலெல்லாம் அடுத்தவர் சிக்கலை அவிழ்த்த தலைக்கு ராத்திரி பத்து மணிக்குக் கதை ஓடாது. நேரத்தைக் கணக்குப் போடும் எல்லோரும் இந்தச் சோர்வை விட்டுவிடுகிறார்கள்.

வரவு செலவு: இடையில் ஒன்று. தம்பி, நீங்கள் கையெழுத்துப் போடப்போகும் ஒப்பந்தத்தை முழுக்கப் படித்தீர்களா? பணியில் இருக்கும்போது உருவாக்குவதெல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்று சில இடங்களில் பொதுவாக எழுதிவிடுவார்கள். வெளிவேலை கூடாது என்றும் இருக்கும். அப்படி இருந்தால் "வேலை பார்த்துக்கொண்டே வரை" என்ற யோசனைக்கே அர்த்தமில்லை.

கோட்டுக்காரன்: இப்போதுதான் பார்த்தேன். 14ஆம் பிரிவில் இரண்டுமே இருக்கின்றன. என் படக்கதைக்கு இது பொருந்தாது என்று எழுதித் தர முடியுமா எனக் கேட்டு அஞ்சல் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

பழைய தூரிகை: வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்பாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். தராவிட்டால் அந்த இடத்தில் சேர வேண்டாம். நானே சொல்கிறேன். வேறு வேலை தேடலாம்.

நள்ளிரவு மை: தேடும் நாட்களில் அந்தக் கதையை வரையுங்கள் தம்பி. முதல் அத்தியாயம் எத்தனை பக்கம்?

கோட்டுக்காரன்: 22. ஆறு முடிந்திருக்கிறது.