புதுப்பிப்பு: மொரீஷியஸ் ரோஸ்ஹில்லில் கிறிஸ்துமஸ் இரவுச் சாப்பாடு, சைவ அத்தையோடு

ஒன்பது பேர், அதில் அத்தை முட்டைகூடத் தொடமாட்டார், டிசம்பர் 24 இரவு எந்த உணவகத்துக்குப் போகலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. போய் வந்தாச்சு.

பலித்தது, "போன் பண்ணாதீங்க, மதியக் கூட்டம் கலைந்ததும் நேரில் போய்ச் சமையற்காரரிடமே சொல்லுங்க" என்ற யோசனைதான். போனில் எடுத்தவர் அன்றைக்கு ஒரே மெனு என்று சொல்லி வைத்துவிட்டார். நேரில் போனபோது சமையற்காரர் கேட்ட முதல் கேள்வி: "வெங்காயம், பூண்டு சேர்ப்பாங்களா?" அப்போதே எனக்கு நிம்மதி.

எங்களுக்குக் கடுகும் மஞ்சளும் போட்ட மீன் விந்தாய், பனைக்குருத்து சாலட், கோழி (கோழி சுமார்தான்). அத்தைக்குத் தனிப் பானையில் பலாக்காய்க் கறி, பூசணிக்காய், ரசம். கோயில் விழாவில் போடும் 'ஏழு கறி' சைவச் சாப்பாடு மாதிரியே வாழையிலையில். நடுவில் சமையற்காரரே வெளியே வந்து, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமாம்மா?" என்றார். பலாக்காயை எங்களுக்கு ஒரு துண்டுகூட அத்தை தரவில்லை.

எதிர்பாராதது: கேக்கில் முட்டை. அதைச் சொல்ல நான்தான் மறந்துவிட்டேன். அதற்குப் பதில் ஒரு கொத்து லிச்சி வந்தது, சீசன் ஆயிற்றே! திரும்பும்போது பஸ் இல்லை. டாக்சிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.