பிரைமரியில் சக வேட்பாளரைத் தாக்கினால் ஓட்டு யாருக்குப் போகும்?

பிறை_இளவரசன்:

எல்லோருக்கும் வணக்கம். பினாங்கில் எங்கள் கல்லூரித் தமிழ் மன்றம் அமெரிக்க அதிபர் தேர்தலை மாதிரித் தேர்தலாக நடத்தத் திட்டமிட்டிருக்கிறது. ஒரே கட்சியில் ஐந்து வேட்பாளர்கள், ஓட்டுப் போட 60 மாணவர்கள். பிரைமரியில், அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், ஜெயிப்பவர் கடைசியில் எதிர்க்கட்சி வேட்பாளரோடு மோதுவார். செராமா (அரசியல் பிரசாரக் கூட்டம்) கேட்டு வளர்ந்த நமக்கு எதிர்க்கட்சியைச் சாடுவது பழக்கம்தான். சொந்தக் கட்சிக்காரரையே மாதக்கணக்கில் ஊரறியத் தாக்குவது எப்படி நடக்கிறது என்பதுதான் மாணவர்களுக்குப் பிடிபடவில்லை.

தாக்கியவருக்கு ஓட்டு கூடுமா, வேறு யாருக்காவது போய்விடுமா? “நவம்பர் பொதுத்தேர்தலில் ஜெயிக்கக்கூடியவர் இவர்தான்” என்ற பேச்சை எதை வைத்து அளக்கிறார்கள்? இந்த இரண்டும் விளங்கும்படி விதிகளை எப்படி வகுக்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

செந்தூல்_கதிர்:

தம்பி, முதலில் களத்தில் எத்தனை பேர் என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். இருவர் மட்டும் நின்றால், ஒருவரிடமிருந்து கழன்ற ஓட்டுக்குப் போக்கிடம் ஒன்றுதான். நாலைந்து பேர் நின்றால் அது பெரும்பாலும் தாக்கியவரிடம் வராது. சண்டையில் இறங்காமல் ஒதுங்கி நின்றவரிடம் போய்ச் சேரும்.

அயோவா மாநிலத்தின் 2004 உட்கட்சிப் போட்டி இதற்கு நல்ல உதாரணம். ஜனநாயகக் கட்சியில் ஹோவர்ட் டீனும் டிக் கெப்ஹார்ட்டும் ஒருவரை ஒருவர் விளம்பரத்தில் அடித்துக்கொண்டார்கள். ஜனவரி 19 வாக்களிப்பில் மற்ற இரு வேட்பாளர்களான ஜான் கெர்ரி 38 சதவீதம், ஜான் எட்வர்ட்ஸ் 32, டீன் 18, கெப்ஹார்ட் 11. மறுநாளே கெப்ஹார்ட் விலகினார். டீன் மேடையில் கத்தியதால்தான் சரிந்தார் என்று பலர் எழுதுகிறார்கள். அந்தக் கூச்சல் முடிவு வந்த பிறகு, அன்று இரவு நடந்தது. அயோவாவில் அவர் அதற்கு முன்பே தோற்றுவிட்டார்.

2016-இல் குடியரசுக் கட்சியிலும் அதே கதைதான். பிப்ரவரி 6 விவாதத்தில் கிறிஸ் கிறிஸ்டி, மார்கோ ரூபியோ ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்ப ஒப்பிப்பதை மேடையிலேயே பிடித்துக் காட்டினார். அடி சரியாக விழுந்தது. மூன்று நாள் கழித்து நியூ ஹாம்ஷயர் மாநிலப் பிரைமரியில் ரூபியோ ஐந்தாம் இடத்துக்குப் போனார். ஆனால் அடித்த கிறிஸ்டி ஆறாம் இடம்; மறுநாள் போட்டியை விட்டே விலகினார். பெரும்பாலும் சண்டையில் சேராமல் ஊர் ஊராகக் கூட்டம் போட்ட ஜான் கேசிக் இரண்டாம் இடத்தைப் பிடித்தார்.

இருவர் களத்துக்கு 2008 ஜனநாயகக் கட்சிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாலை 3 மணிக்கு வெள்ளை மாளிகையில் தொலைபேசி ஒலிக்க, நெருக்கடியில் அதை யார் எடுக்க வேண்டும் என்று கேட்டு ஒபாமாவின் அனுபவத்தைச் சந்தேகிக்க வைத்த ஹிலாரி கிளின்டன் விளம்பரம் பிப்ரவரி 29 அன்று வந்தது. ஒபாமா தரப்பு அன்றே பதில் விளம்பரம் விட்டது. இருந்தும் மார்ச் 4 அன்று ஒஹாயோவிலும் டெக்சஸ் பிரைமரியிலும் கிளின்டன் ஜெயித்தார். அந்த விளம்பரம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஒபாமாவை விட்டு நகர்ந்தவர்களுக்கு அப்போது போக வேறு இடம் இல்லை என்பதே நான் சொல்ல வருவது.

ஆகவே ஐவர் களத்தில் உங்கள் மாணவர் ஒருவர் கேட்க வேண்டிய கேள்வி: “நான் தாக்குபவரின் ஆதரவாளர்களுக்கு இரண்டாவது விருப்பம் யார்?” அது தானாக இல்லாவிட்டால் தாக்கக் கூடாது. அமெரிக்கக் கருத்துக்கணிப்புகளில் இரண்டாவது விருப்பத்தைத் தனியாகக் கேட்பது இதற்காகத்தான்.

நம் நாட்டோடு ஒப்பிடும்போது கால அளவையும் மறக்காதீர்கள். 2022 பொதுத்தேர்தலில் பரப்புரைக்குக் கிடைத்தது 14 நாள். இன்று தாக்கினால் அது திருப்பி அடிப்பதற்குள் வாக்களிப்பு வந்துவிடும். அங்கே முதல் விவாதத்திலிருந்து வேட்பாளர் உறுதியாகும் வரை ஏறக்குறைய ஒரு வருடம். 2019 ஜூன் 27 ஜனநாயகக் கட்சி விவாதத்தில் பள்ளிப் பேருந்து விஷயத்தில் (இனப் பிரிவினையை நீக்க மாணவர்களைப் பேருந்தில் வேறு பள்ளிகளுக்கு அனுப்பும் திட்டம்) கமலா ஹாரிஸ் பைடனைத் தாக்கினார். கருத்துக்கணிப்பில் மளமளவென்று ஏறினார். ஜூலை 31 அன்று இன்னொரு வேட்பாளரான துளசி கப்பார்ட், ஹாரிஸ் அரசு வழக்கறிஞராக இருந்த காலத்தை எடுத்துத் தாக்கினார். ஹாரிஸ் இறங்கிக்கொண்டே போய் டிசம்பர் 3 அன்று விலகினார். முதல் அடியில் கிடைத்த ஏற்றத்தைக் காப்பாற்ற, அடுத்து வரும் அடிக்கான பதிலும் கையில் இருந்திருக்க வேண்டும்.

பத்துமலை_யாழினி:

கதிர் அண்ணன் சொன்னது யாரைத் தாக்குவது என்பது. எப்படித் தயாரிக்கிறார்கள் என்பதை நான் சொல்கிறேன்.

முதல் வேலை, தன் வேட்பாளரையே துருவுவது. எதிரியின் கோப்பைத் திறப்பதற்கு முன் சொந்த ஆளின் சட்டமன்ற வாக்களிப்பு, நீதிமன்ற ஆவணம், சொத்து, வரி, பழைய பேட்டி எல்லாவற்றையும் எதிரியின் கண்ணால் படித்து ஒரு கோப்பு போடுவார்கள். இதைத் தவிர்த்த அணி தாக்கிய மறுநாளே மாட்டிக்கொள்ளும். “நீயும் அதைத்தானே செய்தாய்” என்ற ஒரு வரி போதும், தாக்குதல் செத்துவிடும்.

அடுத்து சோதனை. ஏறக்குறைய 800 வாக்காளர்களிடம் முதலில் யாருக்கு ஓட்டு என்று கேட்பார்கள். பிறகு எல்லா வேட்பாளர்களைப் பற்றியும் நல்லதைச் சொல்லிவிட்டு, குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, மறுபடி அதே கேள்வியைக் கேட்பார்கள். எந்தக் குறை அதிக ஓட்டை நகர்த்தியது என்பது தெரியும். அனுபவமுள்ளவர்கள் அதோடு நிற்க மாட்டார்கள். சொன்னவர் மீது எவ்வளவு வெறுப்பு ஏறியது என்பதையும் அளப்பார்கள். எதிரிக்கு 6 புள்ளி குறைந்து தனக்கு 5 புள்ளி குறைந்தால் அந்த விளம்பரம் குப்பைக்குத்தான் போக வேண்டும்.

மூன்றாவது, யார் வாயால் சொல்வது. 2002-இல் வந்த தேர்தல் நிதிச் சட்டத்துக்குப் பிறகு, வேட்பாளர் தன் விளம்பரத்தில் தன் குரலிலேயே “இதற்கு நான் ஒப்புதல் தருகிறேன்” என்று சொல்ல வேண்டும். அசிங்கமான விளம்பரத்தின் கடைசியில் தன் முகம் வருவதை யாரும் விரும்புவதில்லை. 2010-க்குப் பிறகு வந்த சூப்பர் பேக் குழுக்களுக்கு (வேட்பாளருக்கு வெளியே நின்று பணம் திரட்டிச் செலவிடும் குழுக்கள்) இந்தக் கட்டாயம் இல்லை, நன்கொடைக்கு உச்சவரம்பும் இல்லை. அதனால் அடிக்கும் வேலை அவர்களிடம் போயிற்று. ஆனால் வேட்பாளரோடு பேசி வைத்துச் செய்யக் கூடாது. விலையிலும் பெரிய வித்தியாசம் உண்டு: பிரைமரிக்கு முந்தைய 45 நாளும் பொதுத்தேர்தலுக்கு முந்தைய 60 நாளும் தொலைக்காட்சி நிலையங்கள் வேட்பாளருக்கு மிகக் குறைந்த கட்டணத்தில் நேரம் தர வேண்டும். சூப்பர் பேக் சந்தை விலை கொடுக்க வேண்டும். அதே பணத்துக்கு அவர்களுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு.

இன்னொரு முக்கியமான நுணுக்கம். வேட்பாளரின் விளம்பரத்தை நிலையம் தணிக்கை செய்ய முடியாது, பொய்யாக இருந்தாலும்கூட. வெளிக் குழுவின் விளம்பரத்தை நிலையம் மறுக்கலாம். அவதூறு வழக்கு வந்தால் பொறுப்பும் அதற்கு உண்டு. அதனால் வெளிக் குழு ஒரு விளம்பரத்தை அனுப்பும்போது ஒவ்வொரு வரிக்கும் ஆதாரத் தாளைத் தயாராக வைத்திருக்கும். தாக்கப்பட்டவரின் வழக்கறிஞர் அன்றே நிலையத்துக்கு ஆட்சேபக் கடிதம் அனுப்புவார். உங்கள் மாதிரித் தேர்தலில் இந்த ஆதாரத் தாளைக் கட்டாயமாக்குங்கள், தம்பி. மாணவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் ஒழுக்கம் அதுதான்.

பிறை_இளவரசன்:

மிக்க நன்றி அண்ணா, அக்கா. தாக்கப்பட்டவர் பதில் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும்? “கண்டுகொள்ளாதே, அடங்கிவிடும்” என்றுதான் பாதிப் பேர் வாதாடுகிறார்கள். வெல்லக்கூடியவர் யார் என்பதை அளக்கும் கேள்வியும் இன்னும் பாக்கி இருக்கிறது.

செந்தூல்_கதிர்:

அடங்காது. கெர்ரியையே பாருங்கள். போர் வீரர், அதிபர் ஜார்ஜ் W. புஷ்ஷை எதிர்த்து நிற்கத் தாங்குவார் என்றுதான் 2004 பிரைமரியில் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு வெளிக் குழு அவருடைய வியட்நாம் சேவையையே குறிவைத்தது. முதல் விளம்பரம் மூன்று மாநிலங்களில் மட்டும், சிறு தொகைக்கு ஓடியது. அதைக் கேபிள் செய்திகள் இலவசமாக நாடு முழுக்கக் கொண்டுபோயின. கெர்ரி நேரடியாகப் பதில் சொன்னது ஆகஸ்ட் 19 அன்று. இரண்டு வாரம் போய்விட்டது.

அந்த மௌனத்துக்குப் பணமும் ஒரு காரணம். இரு கட்சி வேட்பாளர்களும் பொதுத்தேர்தலுக்கு அரசு நிதியாக ஏறக்குறைய 7.5 கோடி டாலர் பெற்றார்கள். மாநாட்டில் வேட்பாளரானது முதல் நவம்பர் வரை அதற்கு மேல் செலவழிக்க முடியாது. ஜனநாயகக் கட்சி மாநாடு ஜூலை கடைசியில் முடிந்தது, குடியரசுக் கட்சி மாநாடு செப்டம்பர் 2 அன்று. அதே தொகையைக் கெர்ரி ஐந்து வாரம் கூடுதலாக இழுக்க வேண்டியிருந்தது. ஆகஸ்டில் பணத்தைப் பூட்டி வைத்தார்கள், தாக்குதல் அந்த ஆகஸ்டில்தான் வந்தது. எந்தத் தகுதியைக் காட்டி வேட்பாளர் ஆனாரோ அதே தகுதியில் அடி விழுந்ததால் வலி இரட்டிப்பு.

ஜெலுத்தோங்_முகிலன்:

வெல்லும் வாய்ப்பை அளப்பது பற்றி நான் எழுதுகிறேன். இதில் செய்தியாளர்களே அதிகம் தடுமாறுகிறார்கள்.

நேருக்கு நேர் கணிப்பு என்று ஒன்று உண்டு: “நம் கட்சியின் அ, எதிர்க்கட்சியின் ஆ, யாருக்கு ஓட்டு?” 800 பேர் மாதிரியில் பிழை ஏறக்குறைய 3.5 புள்ளி. அதற்குள் கட்சி சாராதவர்கள் 120 பேர்தான் என்றால், அவர்களைப் பற்றிச் சொல்லும் எண்ணில் பிழை 9 புள்ளி. ஒருவர் 48, இன்னொருவர் 46 என்று வந்ததை வைத்து “இவரே வெல்லக்கூடியவர்” என்று எழுதுவது தவறு. ஊருக்குத் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே அளவில் ஒப்பிடப்படுகிறார்கள் என்பது அதைவிடப் பெரிய கோளாறு. தெரியாதவர் மீது இன்னும் அடி விழவில்லை. 1988-இல் மாநாடு முடிந்ததும் கேலப் நிறுவனத்தின் கணிப்பில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாகிஸ் 17 புள்ளி முன்னால் இருந்தார். நவம்பரில் 40 மாநிலங்களை இழந்தார்.

பிரைமரி வாக்காளர் தன் மனதைத் தவிர இன்னொருவர் மனதையும் ஊகித்து வாக்களிக்கிறார். அந்த ஊகத்தை மாற்றுவது கணிப்பைவிடப் பெரும்பாலும் ஒரு வெற்றிதான். 2008 ஜனவரி 3 அன்று, வெள்ளையர் மிகுந்த அயோவாவில் ஒபாமா ஜெயித்த பிறகுதான் தென் கரோலைனாவின் கறுப்பின வாக்காளர் பலர் அவரால் முடியும் என்று நம்பி நகர்ந்தார்கள். 2020-இல் பைடன் பிப்ரவரி 29 அன்று தென் கரோலைனாவை வென்றார். அடுத்த இரண்டு நாளில் சக வேட்பாளர்களான புட்டிஜெட்ஜும் குளோபுச்சாரும் விலகினார்கள். மார்ச் 3 அன்று 14 மாநிலங்களில் 10 பைடனுக்கு. 2024 குடியரசுக் கட்சிப் பிரைமரியில் டிரம்பை எதிர்த்த நிக்கி ஹேலி கணிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு “பைடனை நான்தான் அதிக வித்தியாசத்தில் வெல்வேன்” என்று வாதாடினார். டிரம்பும் பைடனை வெல்வார் என்றே பல கணிப்புகள் காட்டியதால் அந்த வாதம் எடுபடவில்லை. வெர்மான்ட், வாஷிங்டன் டி.சி. தவிர எதுவும் கிடைக்கவில்லை. கட்சிக்காரர்களிடம் தோற்கும் பயம் இருந்தால்தான் இந்த வாதம் வேலை செய்யும்.

தாக்குதலுக்கும் இதற்கும் முடிச்சு எங்கே விழுகிறது என்றால், பிரைமரியில் சொன்னது நவம்பரில் எதிரி கைக்குப் போகிறது. டுகாகிஸ் ஆளுநராக இருந்த மாசசூசெட்ஸில் கைதிகளுக்கு வார இறுதி விடுப்பு கொடுத்த விவகாரத்தை அவருக்கு எதிராக விவாதத்தில் முதலில் எடுத்தவர் அவர் கட்சிக்காரரான அல் கோர், 1988 ஏப்ரலில். இலையுதிர் காலத்தில் அதுவே எதிர்க்கட்சி வேட்பாளரான மூத்த புஷ் தரப்பின் முக்கிய ஆயுதம் ஆனது. 2019-இல் கட்சி ஆர்வலர்களைத் திருப்திப்படுத்த ஹாரிஸ் சிறைக் கைதிகளின் பாலின மாற்றச் சிகிச்சை பற்றிக் கொடுத்த பதில், 2024-இல் டிரம்ப் விளம்பரமாக ஓடியது. கோர் சொல்லாமல் இருந்திருந்தாலும் புஷ் அணி தோண்டி எடுத்திருக்கும் என்று வாதிடலாம். அதில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் டுகாகிஸ் ஏப்ரலிலேயே பதிலைத் தயார் செய்திருக்க வேண்டும். பிரைமரித் தாக்குதலின் உண்மையான பயன் அந்த எச்சரிக்கைதான், அதை அவர் பயன்படுத்தவில்லை.

இனி உங்கள் விதிகள். 60 பேரில் 36 பேர் கட்சி வாக்காளர்கள். மீதி 24 பேர் பிரைமரியில் வாக்களிக்கக் கூடாது, இறுதிச் சுற்றில் மட்டும் வாக்களிப்பார்கள். 36 பேரை 12, 12, 12 என மூன்று மாநிலங்களாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக வாக்களிக்கச் செய்து, முடிவை உடனே அறிவியுங்கள். ஜனநாயகக் கட்சியில் பிரதிநிதிகள் (மாநாட்டில் அந்த வேட்பாளருக்கு வாக்களிப்பவர்கள்) கிடைக்க 15 சதவீத ஓட்டு தேவை. 12-இல் அது இரண்டு ஓட்டு. ஒரே ஓட்டு பெற்றவருக்கு ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு வேட்பாளருக்கும் 100 காசு. ஒரு நிமிடப் பேச்சு 10 காசு, தாக்கினாலும் தன்னைப் புகழ்ந்தாலும் பதில் சொன்னாலும் அதே விலை. பதிலுக்குச் சலுகை கொடுத்துவிடாதீர்கள், கெர்ரியின் சங்கடம் அப்போதுதான் புரியும். வெளிக் குழுவாக இரண்டு பேரை வையுங்கள். அவர்களுக்கு ஒரு நிமிடம் 15 காசு. வேட்பாளரோடு வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை பேசினாலும் அவர்களுடைய அடுத்த நிமிடம் ரத்து. யாழினி சொன்ன ஆதாரத் தாள் இல்லாத வெளிக் குழுத் தாக்குதலை நடுவர் நிறுத்தலாம். வேட்பாளரின் தாக்குதலை நிறுத்த முடியாது. ஆதாரம் இல்லை என்று மட்டும் அறிவிக்கலாம்.

ஒவ்வொரு சுற்றுக்கும் முன் அந்த 24 பேரில் 8 பேரை மட்டும் குலுக்கி எடுத்துக் கணிப்பு நடத்தி வெளியிடுங்கள். எண்கள் சுற்றுக்குச் சுற்று தாவும். பிழை என்றால் என்ன என்று வகுப்பு எடுக்க வேண்டிய தேவையே இராது. கட்சி வாக்காளர் சீட்டில் இரண்டு கேள்வி: உனக்கு யாரைப் பிடிக்கும், அந்த 24 பேர் யாரை ஏற்பார்கள் என்று நினைக்கிறாய். கடைசியில் 24 பேரிடமும் உண்மையாகக் கேட்டு ஒப்பிடுங்கள்.

பிரைமரியில் சொன்ன ஒவ்வொரு தாக்குதலையும் பலகையில் எழுதி அழிக்காமல் வையுங்கள். எதிர்க்கட்சி வேட்பாளர் இறுதிச் சுற்றில் அதைக் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம்.

பத்துமலை_யாழினி:

முகிலன் விதியில் ஒரே ஒரு திருத்தம். குறைகளை மாணவர்களே தங்களைப் பற்றி எழுத விடாதீர்கள். உண்மையான சொந்த விஷயம் கலந்துவிடும், மனம் புண்படும். ஐந்து கற்பனை வேட்பாளர் அட்டைகளை நீங்களே தயாரியுங்கள்: ஒவ்வொன்றிலும் இரண்டு பலம், இரண்டு குறை, ஒரு பழைய வாக்களிப்பு. அட்டையை வேட்பாளரிடம் ஒரு வாரம் முன்பும் எதிரிகளிடம் இரண்டு நாள் முன்பும் கொடுங்கள். அந்த ஐந்து நாளில் யார் தன் குறைக்குப் பதில் தயாரித்தார் என்பது முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும்.