ராமாயி பாட்டி குடும்பம்: “இலவசமா லண்டன் படிப்பாம்”

செல்வி அத்தை: காலை வணக்கம் 🌺🙏 வாற சனிக்கிழமை அம்மா திவசம். யார் யார் வாறீங்கன்னு சொன்னாத்தான் அரிசி போடலாம்

குமார்: நான் வாறேன். எனக்கு மட்டும் ரெண்டு ஆள் சாப்பாடு

வசந்தி: அத்தை, அன்னைக்கு 9 மணிக்கு ஸ்கூல்ல பேரன்ட்ஸ் மீட்டிங். ஜனவரியிலருந்து இன்டர்நேஷனல் புரோகிராம் வருதாம். லண்டன் சிலபஸ், இலவசமாம். மகன் தினேஷ்கிட்ட ஃபாரம் குடுத்து விட்டிருக்காங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணுமாம்

குமார்: லண்டனா. கக்கூஸ்ல தண்ணி வருதா முதல்ல

ராஜு சித்தப்பா: மீட்டிங் சனி, ஃபாரம் வெள்ளியா? நல்லா இருக்கே

வசந்தி: 📷 போட்டோ

பிரபா (டொரோண்டோ): அக்கா உங்க பெருவிரல்தான் தெரியுது

வசந்தி: 📷 போட்டோ

பிரபா (டொரோண்டோ): இப்ப “சர்வதேச” வரைக்கும் தெரியுது. கீழ மடிச்சிருக்கு

சிவலிங்கம் பெரியப்பா: வசந்தி, அவசரப்பட்டு கையெழுத்து வைக்காதே. முதல்ல ஒரு விஷயத்தை எல்லாரும் விளங்கிக்கணும். அரசாங்கப் பாடசாலையில லண்டன் சிலபஸ்ங்கிறது பிரின்சிபல் நினைச்சா செய்யிற காரியம் இல்லை. 1945ல நம்ம இலங்கையில, கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்துல இலவசக் கல்வி வந்துச்சு. 1980ல இலவசப் பாடப்புத்தகம், 1993ல சீருடைத் துணி. இதெல்லாம் தேசிய பாடத்திட்டத்துக்கு. கண்டியிலயும் கொழும்புலயும் இன்டர்நேஷனல்னு போர்டு போட்டிருக்கே, அதெல்லாம் கல்வி அமைச்சுல பதிஞ்சது இல்லை, கம்பனிச் சட்டத்துல பதிஞ்சது. இங்கிலாந்துக்காரனோட கேம்பிரிட்ஜ், எடெக்ஸல் சோதனை அங்கதான். நம்ம பக்கம் இங்கிலீஷ் மீடியம் வேணும்னா 2001லயே ஏ.எல்., அதான் உயர்தர வகுப்பு, விஞ்ஞானத்துக்கு அனுமதி குடுத்தாங்க, பிறகு கீழ் வகுப்புக்கும் இருமொழிக் கல்வின்னு வந்துச்சு. அதுக்கும் எழுதுறது நம்ம நாட்டுச் சோதனைதான். (தொடரும்)

குமார்: தொடருமா 😂😂

செல்வி அத்தை: அரிசி எத்தன கிலோ

ராஜு சித்தப்பா: கம்பனின்னா என்னா அர்த்தம் அண்ணே. என் மகன் என்ன கடையிலயா படிச்சான்

சிவலிங்கம் பெரியப்பா: நான் பொதுவாச் சொன்னேன். லண்டன் ஏ.எல்.ல மூணு ஏ எடுத்தாலும் அதுக்கு இஸட் ஸ்கோர், அதான் யுனிவர்சிட்டிக்கு ஆள் எடுக்கப் பார்க்கிற புள்ளி, கிடையாது. இங்க கெம்பஸுக்கு எடுக்கிறது நம்ம ஏ.எல். பெறுபேற்றைப் பார்த்து. 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தப் பட்டியல்ல இருக்கு. கொழும்புப் பிள்ளையைவிடக் குறைஞ்ச இஸட் ஸ்கோர்ல நம்ம பிள்ளை இன்ஜினியரிங் போகுதுன்னா அந்த வழியாலதான். அதை நாமளே ஏன் விடணும்

ராஜு சித்தப்பா: இந்தக் குழுவுல எத்தன பேர் கெம்பஸ் போனீங்க? அவன் இன்னைக்கு கொழும்புல ஏ.சி. ரூம்ல உக்காந்து வேலை செய்யிறான்

குமார்: அவன் இங்கிலீஷ்ல சண்டை போட்டா பாட்டி விளங்காமலே சிரிக்கும் சித்தப்பா, ஞாபகம் இருக்கா

வசந்தி: முதல் வருச ஃபீஸ் யாரோட ஈ.பி.எஃப். (சேமலாப நிதி) காசுன்னு நான் சொல்ல வரல

ராஜு சித்தப்பா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

குமார்: நான் வாசிச்சிட்டேன்

செல்வி அத்தை: அம்மா பேர்ல இருக்க குழுவுல காசுக்கதை வேணாம். அதுவும் திவசம் வாற வாரத்துல. 15 கிலோ போடவா

பிரபா (டொரோண்டோ): போடுங்க அத்தை. அக்கா, என் மக போறதும் இங்க சாதாரண பப்ளிக் ஹைஸ்கூல்தான். அதுக்குள்ளயே ஐ.பி.ன்னு (இன்டர்நேஷனல் பக்கலரியட்) ஒரு சர்வதேசப் படிப்பு நடத்துறாங்க. 1968ல ஜெனீவாவுல ஆரம்பிச்சது. 11, 12ல ஆறு பாடம், மொத்தம் 45 புள்ளி. 4000 சொல்லுல ஒரு கட்டுரை வேற. அதை எழுதி முடிக்கிற வரைக்கும் வீட்டுல யாரும் டீவி போடக்கூடாது, சத்தமா தும்மக்கூடாது. ஆனா ஒன்டாரியோ சான்றிதழும் சேர்ந்தே வரும். ஐ.பி. சரிவரலன்னாலும் அதை வச்சு யுனிவர்சிட்டிக்குப் போடலாம். அதைக் கேட்டுட்டுத்தான் நான் சைன் வச்சேன். நீங்களும் கேளுங்க. நம்ம ஓ.எல். (சாதாரணதர) சோதனை கூடவா, பதிலாவா?

வசந்தி: இத கேக்க எனக்குத் தோணல பாரு

சிவலிங்கம் பெரியப்பா: நானும் அதைத்தான் சொன்னேன்

குமார்: நீங்க 1945லருந்து சொன்னீங்க பெரியப்பா

மாலா டீச்சர்: இப்பதான் பார்த்தேன், காலைக் கூட்டத்துல இருந்தேன். யாரு மதினி உங்களுக்கு லண்டன்னு சொன்னது?

வசந்தி: மீனாட்சி அம்மா. பஸ்ல

மாலா டீச்சர்: ஐயோ. லண்டனும் இல்ல ஒன்னும் இல்ல. ஜெர்மன் மொழி கிளாஸ். வெளியிலருந்து ஒரு மிஸ் வாறாங்க, கிழமைக்கு ரெண்டு நாள், ஸ்கூல் விட்டு 2லருந்து 3.30 வரைக்கும். அங்க உள்ள ஒரு ஸ்கூல் பிள்ளைகளோட சூம்ல பேச வைப்பாங்களாம். ஓ.எல். பாடம் ஒன்னும் மாறாது. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, ஃபாரத்துல “சர்வதேச”ன்னு பெருசா போட்டதே ஸ்டாஃப் ரூம்ல பெரிய கதையாப் போச்சு

குமார்: மதினி நீங்க சொன்னதா நான் ஊர் பூரா சொல்லிட்டேன்

ராஜு சித்தப்பா: இதுக்கா இவ்வளவு நேரம் என் மகனை இழுத்தீங்க

சிவலிங்கம் பெரியப்பா: ஜெர்மன்னா சும்மா நினைக்காதீங்க. ஜெர்மன் வெளிவிவகார அமைச்சு 2008ல பாஷ்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சுச்சு. உலகம் பூரா சுமார் 2000 பாடசாலை அதுல இருக்கு, நிறைய அரசாங்கப் பாடசாலைகளும்தான். ஜெர்மன் மொழி, கலாசார நிறுவனம் கதே நிலையம் ஆசிரியருக்குப் பயிற்சி, புத்தகம் எல்லாம் குடுக்கும். நம்ம நாட்டு ஏ.எல்.லயே ஜெர்மன் ஒரு பாடமா எடுக்கலாம். பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியும் ஜெர்மன் உதவியிலதான் வந்துச்சு. தோட்டப் பாடசாலைகளுக்கு சுவீடன்காரன் கட்டினது சீடா கட்டடம். கட்டடம் வந்துச்சு, உள்ள கணக்கு டீச்சர் இல்லாம எத்தனை வருஷம் கிடந்துச்சுன்னு வசந்திக்கே தெரியும்

வசந்தி: எனக்கு கணக்கு வராததுக்குக் காரணம் அதுதான்னு இவ்வளவு நாளா யாரும் சொல்லல 😄

மாலா டீச்சர்: மாமா, இங்க பாஷ் இல்ல, அந்த மாதிரி ஒன்னு. மிஸ் எத்தனை மாசம் இருப்பாங்கன்னு யாருக்கும் தெரியாது. அதைத்தான் மீட்டிங்ல கேக்கணும்

செல்வி அத்தை: ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்கு எடுக்கிறாங்களாமே. நம்ம தோட்டத்துக் கீழ் டிவிசன் பிள்ளை ஒன்னு ஏஜென்சிக்குக் காசு கட்டிருக்கு. மூணு மாசம் படிச்சா போதும்னானாம்

மாலா டீச்சர்: மூணு மாசத்துல ஏ1தான் வரும் அம்மா, மொழிப் படிப்புல முதல் படி. அது கடையில பாண் வாங்கப் போதும். பயிற்சிக்குப் போறதுக்கே அதுக்கு மேல உள்ள பி1 கேப்பாங்க, நர்ஸா பதியணும்னா பி2. அந்தப் பிள்ளைக்கிட்ட ரசீது இருக்கான்னு கேளுங்க

ராஜு சித்தப்பா: ரசீதெல்லாம் குடுத்திருக்க மாட்டான்

வசந்தி: அதெல்லாம் இருக்கட்டும். 3.30க்கு விட்டா மேல் டிவிசனுக்கு பஸ் எது? கடைசி பஸ் 2.45. த்ரீவீல்ல வந்தா கிழமைக்கு ரெண்டு தடவை யார் குடுக்கிறது? செவ்வாய்க்கிழமை கணக்கு டியூஷனும் இருக்கு

குமார்: பாதி நான் போடுறேன் அக்கா

ராஜு சித்தப்பா: மீதி நான் போடுறேன். ஈ.பி.எஃப். கணக்குல கழிச்சுக்க

வசந்தி: சித்தப்பா…

ராஜு சித்தப்பா: பகிடிக்குத்தான்மா. போடுறேன்

பிரபா (டொரோண்டோ): தினேஷ்கிட்ட யாராவது கேட்டீங்களா? இங்க மணி பத்தாகுது, சொல்லிட்டீங்கன்னா தூங்கப் போவேன்

வசந்தி: கேட்டேன். அவனுக்கு கொரியன்தான் வேணுமாம்

குமார்: 😂😂😂 மருமகன்டா

சிவலிங்கம் பெரியப்பா: சனிக்கிழமை மீட்டிங்குக்கு நானே வாறேன். அஞ்சு நிமிஷம் பேசினா போதும்

வசந்தி: பெரியப்பா நீங்க ஐயரைப் பாருங்க, நான் போயிட்டு வந்துர்றேன்

மாலா டீச்சர்: மாமா தயவுசெஞ்சு வராதீங்க

சிவலிங்கம் பெரியப்பா: ஏன், நான் பேசினா என்ன

செல்வி அத்தை: ஐயர் 11 மணிக்கு வாறாரு. வேன்காரர் 7ஆ 8ஆன்னு கேக்குறாரு

குமார்: 8

ராஜு சித்தப்பா: ஹட்டன்ல என்னை ஏத்தணும்னா 7

வசந்தி: மீட்டிங் முடிய பத்தாகும் அத்தை, அதுக்குப் பிறகு எடுக்க முடியாதா

செல்வி அத்தை: அப்ப ஃபாரம் குடுக்கிறியா இல்லையா

வசந்தி: பென்சில்ல சைன் வச்சிருக்கேன்

செல்வி அத்தை: வேன்காரர் லைன்ல நிக்கிறாரு, யாராவது ஒரு மணி சொல்லுங்க