‘டெமாலிஷன் சைட் ரன்ஆஃப்’: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

கட்டடம் இடிக்கும் இடங்களில் வேலை பார்க்கும் மேற்பார்வையாளர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வடிகாலையும் சுற்றுச்சூழல் ஆபத்துகளையும் எப்படிக் கண்காணிப்பது என்பதுதான் பொருள். பாதி தாண்டியாகிவிட்டது. இடிக்கும் இடத்திலிருந்து வெளியேறும் தண்ணீரைக் குறிக்கும் ‘சைட் ரன்ஆஃப்’ வந்த இடத்தில் வண்டி நின்றுவிட்டது. இதைக் கழிவுநீர், மழைநீர், வழிந்தோடும் நீர் என்று ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள். மூன்றையும் படிப்பவர் அவை மூன்று வேறு தண்ணீர் என்றுதான் நினைப்பார்.

என் மனதில் இருப்பது ‘கலங்கல்நீர்’. சேறும் தூளும் கலந்து வருவதால் பொருந்தும் என்று பட்டது. இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள். கையேடு அலமாரியில் அடுக்கி வைக்க இல்லை, சைட்டில் கையில் வைத்துக்கொண்டு புரட்ட. அதனால் சொல் வாயில் நுழைய வேண்டும்.

*

அம்மா, வணக்கம்.

இடிப்பு வேலையில் பல ஆண்டுகளாகப் பொறியாளனாக இருப்பவன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘கலங்கல்நீர்’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரை நம்பினால் மேற்பார்வையாளர் ஏமாந்துபோவார். உடைத்த கான்கிரீட்டைக் குவித்து வைத்திருக்கும் இடத்துக்கு மழை விட்ட மறுநாள் போய், குவியலின் அடியைப் பாருங்கள். சின்னதாக ஒரு குட்டை நிற்கும். தண்ணீர் அவ்வளவு தெளிவு. அடியில் கிடக்கும் ஆணிகூடத் தெரியும். மேலே மட்டும் மெல்லிய வெள்ளை ஏடு படர்ந்திருக்கும், குச்சியால் தொட்டால் சில்லுச் சில்லாக உடையும். அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் பிஹெச் தாளை அந்தத் தண்ணீரில் நனைத்தால் கருநீலமோ ஊதாவோ ஆகும். அதாவது 11, 12.

சிமென்டுக்குள் இருக்கும் சுண்ணாம்பு கரைந்து இறங்கிய தண்ணீர் அது. இனிமேல் கரையாது என்ற அளவுக்குச் சுண்ணாம்பு கரைந்துவிட்டால் 12.4 வரைக்கும் ஏறும். மேலே படர்ந்த ஏடு, காற்றிலுள்ள கரியமிலவாயு பட்டு உறைந்த கால்சியம் கார்பனேட். பிஹெச் ஓர் எண் ஏறினால் காரம் பத்து மடங்கு ஏறுகிறது என்று கணக்கு. ஆக 12 என்பது நடுநிலையான 7-ஐப் போல 1,00,000 மடங்கு. கையில் பட்டுக்கொண்டே இருந்தால் தோல் வெந்து புண்ணாகும். ஓடையில் கலந்தால் மீன் மிதக்கும். நன்னீரில் வாழ்பவற்றுக்குப் பொதுவாக 6.5-க்கும் 9-க்கும் இடையில் இருந்தால்தான் தாங்கும்.

இதற்குக் ‘கலங்கல்நீர்’ என்று பேர் வைத்தால் என்ன நடக்கும்? ‘தண்ணி தெளிவாத்தானே இருக்கு, திறந்து விடு’ என்பார்கள். இடிப்பு வேலையில் மிக மோசமான தண்ணீர் சில சமயம் மிகத் தெளிவான தண்ணீர்.

கழிவுநீர், மழைநீர் இரண்டும் வேறு விதத்தில் தப்பு. ‘கழிவுநீர்’ என்று காதில் விழுந்ததும் சாக்கடைக் குழாயைத் தேடுவார்கள். கான்கிரீட் தூள் உள்ளே போய்ப் படிந்து, குழாயின் வயிறு சுருங்கிக்கொண்டே வரும். ‘மழைநீர்’ என்றால் மழைநீர் வடிகாலில் விடுவார்கள். அது பெரும்பாலும் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேரே நீர்நிலைக்குப் போகிற வழி. தவிர, இந்தத் தண்ணீருக்கு மழையே வேண்டியதில்லை. தூசி அடங்குவதற்காக நாள் முழுக்கப் பீய்ச்சி அடிக்கிறோமே, அதுவும் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? தூசியைப் பிடித்த தண்ணீர் தூசியில் இருந்ததை எல்லாம் இழுத்துக்கொண்டு ஓடுகிறது: சிலிக்கா தூள், பழைய பெயின்டில் இருந்த ஈயம், முன்கூட்டியே முறையாகக் கழற்றாமல் விட்டிருந்தால் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழை. நனைந்திருக்கும்வரை இழை பறக்காது. வழிந்து போன இடத்தில் காய்ந்ததும் மறுபடி காற்றில் ஏறிவிடும்.

ஆகவே பெயர் தண்ணீரின் நிறத்தைச் சொல்லக் கூடாது, அது போக வேண்டிய இடத்தையும் சொல்லக் கூடாது. எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொன்னால் போதும். மற்றதைச் சோதனை சொல்லட்டும். என் பரிந்துரை ‘இடிப்புக்கள வடிநீர்’. சைட்டில் கூப்பிட ‘களநீர்’.

*

அன்புடையீர்,

பொறியாளர் தம்பி சொன்ன காரணம் ஏற்கத்தக்கது. கலங்கல் வேண்டாம் என்பதற்கு என் பங்குக்கும் ஒரு காரணம் உண்டு. ஏரி நிரம்பி மிகுதி நீர் வெளியேறும் இடத்துக்கும் கலங்கல் என்றே பெயர். ‘கலங்கல் அளவு’ என்று எழுதினால் பாசனம் தெரிந்தவர் வேறு எதையோ அளக்கப் போய்விடுவார். நீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதைச் சொல்லும் டர்பிடிட்டிக்குக் ‘கலங்கல்தன்மை’ என்று முழுமையாக எழுதிவிடுங்கள் அம்மா.

‘இடிநீர்’ என்று குறுக்க யாருக்காவது ஆசை வரும். வானத்து இடியும் கூடவே வந்து விழும். ‘தகர்ப்பு’ என்றால் வெடி வைத்ததுபோல் ஒலிக்கிறது. இடிப்பு சரி, களமும் சரி.

வடிநீர்தான் எனக்கு நெருடுகிறது. வடிதல் என்பது சிறுகச் சிறுக இறங்கி நீங்குவது. வடிகட்டு என்பதில் போல, தெளிந்து வருவது என்ற சாயலும் அதற்கு உண்டு. நீங்கள் சொல்லும் நீர் அப்படிப்பட்டதன்று. ‘கழுநீர்’ என்ற பழஞ்சொல் நம்மிடம் இருக்கிறது. ஒன்றைக் கழுவி, அதன் குணத்தைத் தானும் ஏற்றுக்கொண்ட நீர். இடிபாட்டைக் கழுவி வருவது ‘இடிப்புக் கழுநீர்’ ஆகாதா? அது ஒத்துவராவிட்டால் ‘ஓடுநீர்’ இருக்கிறது.

*

ஐயா, வணக்கம்.

கழுநீரைக் கைவிட எனக்கும் மனமில்லை. வெளியே போகும் லாரியின் சக்கரத்தைக் கழுவுகிறோம், இயந்திரங்களைக் கழுவுகிறோம். அந்தத் தண்ணீருக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஆனால் மொத்தத்துக்கும் அதை வைத்தால் பாதித் தண்ணீர் வெளியே நின்றுவிடும். நிலவறைத் தளத்தை உடைத்ததும் ஊறி வரும் நிலத்தடி நீர் எதையும் கழுவி வரவில்லை. லிஃப்ட் குழியில் எண்ணெய் மிதக்க நிற்கும் தண்ணீரும் அப்படித்தான். அதை எல்லாம் மோட்டார் வைத்து இறைக்கும்போதுதான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

‘ஓடுநீர்’ பற்றி: ஓடுகிற தண்ணீரைக் கண்ணால் பார்க்கலாம், மணல்மூட்டை போட்டு மறிக்கலாம். எனக்குத் தூக்கம் கெடுவது காணாமல் போகும் தண்ணீரால். நேற்றுவரை தண்ணீர் நின்ற பள்ளம், மழை பெய்த மறுநாள் காய்ந்து கிடந்தால் யாரும் சந்தோஷப்படக் கூடாது. எங்கேயோ ஒரு பழைய குழாய் வாய் திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். பழைய கட்டடங்களில் வரைபடத்தில் இல்லாத குழாய் கட்டாயம் ஒன்றாவது இருக்கும். ஒருவர் குளியலறையை இடம் மாற்றியிருப்பார், இன்னொருவர் பின்பக்கம் நீட்டிக் கட்டியிருப்பார், பழைய குழாயை அப்படியே மண்ணுக்குள் விட்டிருப்பார்கள். தளம் உடையும்போது அதுவும் உடையும். அப்புறம் நம் தண்ணீர் முழுக்க அதன் வழியாக யாருக்கும் தெரியாமல் வெளியேறும்.

அதனால்தான் முதல் சுவரைத் தொடுவதற்கு முன்பே குழாய்களைத் தேடி முடித்துவிட வேண்டும் என்கிறோம். உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பது ஒரு வழி. அது நுழையாத இடத்தில் பச்சையாக ஒளிரும் ஃபுளூரசீன் சாயத்தைக் கரைத்து ஊற்றிவிட்டு, எந்த ஆள்துளைக் குழியில் பச்சை தலைகாட்டுகிறது என்று காத்திருப்போம். சில நேரம் ஒன்றிலும் வராது. அந்தக் குழாயைத்தான் முதலில் அடைக்க வேண்டும். கையேட்டில் இந்தப் பகுதி ஒரு பத்தியோடு முடிந்திருந்தால், அம்மா, ஆசிரியரிடம் கேட்டுக் கொஞ்சம் வளர்க்கப் பாருங்கள்.

வடிதல் மெல்ல நீங்குவது என்றீர்கள். எனக்கு வேண்டியதும் அதுதான். மெல்ல, சத்தமில்லாமல், தெரியாமல் நீங்குவதும் இதில் அடங்க வேண்டும். தெளிவு என்ற சாயலைப் பொறுத்தவரை, வடிகால் என்ற சொல்லைக் கேட்டு யாரும் தெளிந்த நீரை நினைப்பதில்லையே.

அடுத்தது கண்காணிப்பு. மானிட்டரிங், இன்ஸ்பெக்ஷன் இரண்டுக்கும் கண்காணிப்பு என்றே போட்டுவிடுகிறார்கள். சுற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது ‘பார்வையிடல்’. ஒரே இடத்தில், ஒரே முறையில் அளந்து, முந்திய அளவோடு ஒப்பிடுவதுதான் கண்காணிப்பு. வேலை தொடங்கும் முன் ஓடைத் தண்ணீர் எப்படி இருந்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் பிறகு எடுக்கும் எந்த அளவுக்கும் பொருள் இல்லை. நம் களத்துக்கு மேல்பக்கம் ஓர் இடம், கீழ்ப்பக்கம் ஓர் இடம், இரண்டிலும் எடுக்க வேண்டும். இல்லையென்றால் மேலே யாரோ விட்ட அழுக்குக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

நேரமும் முக்கியம். வெயில் காயும் மதியத்தில் புட்டியில் பிடித்த தண்ணீர் ஒன்றும் சொல்லாது. நாள்கணக்காகப் படிந்த தூளை மழையின் முதல் வீச்சு மொத்தமாக இழுத்துக்கொண்டு வரும். ‘ஃபர்ஸ்ட் ஃபிளஷ்’ என்பார்கள். ‘முதல் அலசல்’ என்று எழுதலாம். மாதிரியை அப்போது எடுக்க வேண்டும், நனைந்தாலும் பரவாயில்லை.

அளவு கைக்கு வந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு இரண்டு வரம்புகள் உண்டு. ஒன்றைத் தொட்டால் கவனம் கூட்ட வேண்டும்: கூடுதல் மாதிரி, சேற்றைத் தடுக்கும் துணித்தட்டியைச் சரிபார்ப்பது, இறைப்பதைக் குறைப்பது. இன்னொன்றைத் தொட்டால் மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் வெளியேறும் வாயை அடைக்க வேண்டும். முதலாவதற்கு ‘விழிப்பளவு’, இரண்டாவதற்கு ‘நிறுத்தளவு’. இரண்டையும் ‘எச்சரிக்கை அளவு’ என்று ஒன்றாக்கினால், நிறுத்த வேண்டிய நேரத்தில் இன்னொரு மாதிரி எடுத்துக்கொண்டு நிற்பார்கள்.

*

பொறியாளர் அவர்களுக்கு,

விழிப்பளவு, நிறுத்தளவு இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். சக்கரம் கழுவும் இடத்துக்குக் கழுநீர். ஒரு சந்தேகம்: தண்ணீரைத் தொட்டியில் நிறுத்தி ‘தெளிய விடுதல்’ என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் தெளிந்த நீரும் ஆபத்து என்கிறீர்கள். அப்படியானால் அந்தச் சொல்லையும் மாற்ற வேண்டுமா? கோயாகுலன்ட் என்பதற்கும் ஒன்று தேவை.

*

அம்மா,

மாற்ற வேண்டாம். ‘தெளிய விடுதல்’ கலங்கல்தன்மைக்கு மட்டும் மருந்து, காரத்துக்கு இல்லை என்று ஒரு வரி சேர்த்தால் போதும். கலங்கலுக்கே அது முழு மருந்து இல்லை. ஒரு மீட்டர் ஆழம் இறங்க, 10 மைக்ரான் (ஒரு மி.மீ.-இல் நூறில் ஒரு பங்கு) பருமனுள்ள கல்துகளுக்கு ஏறத்தாழ 3 மணி நேரம் ஆகும். அதே துகள் 1 மைக்ரானாக இருந்தால் ஏறத்தாழ 13 நாள். பருமன் பத்தில் ஒன்றானால் இறங்கும் வேகம் நூறில் ஒன்றாகிவிடுகிறது. தண்ணீர் ஆடாமல் நின்றால்தான் இந்தக் கணக்கும். இதற்கிடையில் மழை காத்திருக்குமா? ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் 1 லிட்டர். 2,000 சதுர மீட்டர் களத்தில் 25 மி.மீ. பெய்து, தரை உறிஞ்சவில்லை என்றால் 50,000 லிட்டர். 10,000 லிட்டர் தொட்டியை வைத்துக்கொண்டு தெளிய விடுவது பேச்சளவில்தான்.

அதனால்தான் துகள்களைத் திரட்டிக் கீழே இறக்க ஏதாவது போட வேண்டியிருக்கிறது. ‘திரட்டி’ என்று பாடநூல்களில் பார்த்திருக்கிறேன்.

காரத்தை இறக்கக் கரியமிலவாயுவைக் குமிழியாக விடுவது நல்ல வழி. அமிலம் ஊற்றினால் கை கொஞ்சம் தாராளமானாலும் பிஹெச் மறுபக்கம் சரிந்துவிடும். வாயுவில் அந்தப் பயம் குறைவு.

*

கோயாகுலன்டுக்குத் ‘தேற்றி’ என்று வைக்கலாம். கலங்கிய நீரைத் தெளிவிக்கும் கொட்டைக்குத் தேற்றாங்கொட்டை என்றுதானே பெயர். தேற்றுதல் என்றால் தெளிவித்தல். வினைச்சொல் இருக்கும்போது புதிதாக ஒட்டுப்போட வேண்டாம்.

வடிநீர் பற்றிய என் தடையை விலக்கிக்கொள்கிறேன். ‘காணாமல் போகும் தண்ணீர்’ என்ற வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ‘களநீர்’ மட்டும் உழவருக்கு நெற்களத்தை நினைவூட்டும். கையேட்டில் முதல் முறை வரும்போது முழுப் பெயரையும் எழுதிவிட்டுப் பிறகு சுருக்குங்கள்.

*

எல்லோருக்கும் நன்றி. சொல்லடைவில் இப்படிப் போடப்போகிறேன்:

இடிப்புக்கள வடிநீர் (சுருக்கம்: களநீர்): கட்டடம் இடிக்கும் இடத்திலிருந்து மழையாலோ, தூசி அடக்கத் தெளிப்பதாலோ, கழுவுவதாலோ, குழியிலிருந்து இறைப்பதாலோ, பழைய குழாய் வழியாகவோ வெளியேறும் நீர். சோதித்து முடியும்வரை எந்த வடிகாலிலும் விடத்தகாதது.

கடைசி வாக்கியம் விளக்கமா விதியா என்று பதிப்பாசிரியர் கேட்பார். விட்டுக்கொடுக்க மாட்டேன். சேற்றைத் தடுக்கக் கம்பு நட்டுக் கட்டும் துணித்தடுப்பு, ‘சில்ட் ஃபென்ஸ்’, அது மட்டும் பாக்கி. வண்டல் வேலி என்று எழுதியிருக்கிறேன்.

*

அம்மா, வண்டல் என்றால் நிலத்துக்கு உரமாகிற மண். கான்கிரீட் தூளுக்கு அந்த மரியாதை வேண்டாம். வேலி என்றால் ஆளைத் தடுக்க நட்டது என்று நினைத்துக் கம்பை மட்டும் அடித்துவிட்டுப் போவார்கள். நாங்கள் ‘சேற்றுத்தட்டி’ என்கிறோம். துணியின் அடி ஓரத்தைச் சுமார் 15 செ.மீ. மண்ணுக்குள் புதைத்து மிதிக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் அடியில் நுழைந்து போய்விடும். பரந்து வரும் தண்ணீருக்குத்தான் தட்டி. வாய்க்காலாகத் திரண்டு வரும் இடத்தில் கட்டினால் முதல் மழைக்கே சாய்ந்துவிடும் என்பதையும் அதே பதிவில் எழுதிவிடுங்கள்.