சாகற நேரத்துல திருந்தினா வில்லனை மன்னிச்சுரலாமுங்களா?

சோமனூர் தறிக்காரன்:

வணக்கமுங்க. எட்டுத் தறி வெச்சு கூலிக்கு ஓட்டிட்டு இருக்கறேன். தறிக்குப் போடற பாவு நூல் வராம ஒரு வாரம் தறி நின்னு போச்சு. மக பத்தாவது பரீட்சை முடிச்சுட்டு வீட்டுல இருக்கறா. "சும்மாதானப்பா இருக்கறீங்க"ன்னு ஸ்டார் வார்ஸ் ஒம்போது படத்தையும் வரிசையா போட்டு உக்கார வெச்சுட்டா.

பழைய மூணு படமும் சின்ன வயசுல கேசட்டுல பாத்ததுதான். 1983-ல வந்ததோட கடைசி இருக்குதல்லங்க, பேரரசன், கதாநாயகன் லூக் மேல மின்னலப் பாய்ச்சறான், லூக்கோட அப்பன், வில்லன் டார்த் வேடர் மகனையும் பாக்கறான், எசமானையும் பாக்கறான். முகமூடிக்குள்ள என்ன ஓடுதுன்னு தெரியாது. பொசுக்குனு பேரரசனத் தூக்கிக் குழிக்குள்ள வீசிப் போடறான். இன்னைக்கும் எனக்குத் தொண்டை அடைச்சுக்குது.

ஆனா புது மூணு படத்து வில்லன் கைலோ ரென் மேல அந்த இரக்கம் வரமாட்டேங்குது. 2015 படத்துல பெத்த அப்பன் நெஞ்சுல வாளை எறக்குனவன். அந்த மனுசன் அப்பவும் மகன் கன்னத்தைத் தடவிட்டுத்தான் கீழ விழுகறாரு. அப்பேர்ப்பட்டவன் 2019-ல கதாநாயகி ரேங்கற பொண்ணுக்கு உசுரைக் கொடுத்துட்டு செத்துப்போனா எல்லாம் சரியாப் போச்சுங்களா?

இதைச் சொன்னதும் மக புடிச்சுக்கிட்டா. "வேடர் மட்டும் என்னப்பா யோக்கியம்? சின்னப் பிள்ளைகளைக் கூட விடாம வெட்டுனவன்தான? ஒருத்தனுக்கு ஒரு நாயம், இன்னொருத்தனுக்கு ஒரு நாயமா?" அவ சொல்றது 2005 படம். எனக்குப் பதில் வரலீங்க. நீங்க என்ன சொல்றீங்க?

பெருந்துறை அப்பாரு:

தம்பி, பொன்னர் சங்கர் அண்ணமார் கதையை உடுக்கை அடிச்சு ராத்திரி ராத்திரியாப் பாடுவாங்களே, கேட்டிருப்பீங்க. நான் கேட்ட வரைக்கும் அவங்க எதிரி தலையூர்க் காளி திருந்தினான்னு ஒரு பாட்டுக்காரரும் பாடலை. அந்தச் சண்டையை நடிச்சுக் காட்டற படுகளத்துல அருள் வந்து விழுந்து கெடக்கறவங்களை, அண்ணமாரோட தங்கச்சி தங்காளா வர்றவங்க தண்ணி தெளிச்சு எழுப்புவாங்க. அந்தத் தண்ணி அண்ணமாரு பக்கத்து ஆளுகளுக்குத்தான். எதிராளிக்கு ஒரு சொட்டு கெடையாது.

அப்பாரு தோள் மேல உக்காந்து பாத்த வயசுல அது தப்பாவே தெரியல. எழுவது தாண்டுன பொறகுதான், அவனுக்கும் எங்கயோ ஒரு தங்கச்சி இருந்திருப்பாளேன்னு தோணுது. அந்த வெளிநாட்டுப் படத்தைப் பேரன் புண்ணியத்துல நானும் பாத்தேன். வேடருக்குத் தண்ணி தெளிக்க மகன் இருந்தான். உங்களுக்குத் தொண்டை அடைச்சது அந்தப் பையனுக்காகன்னு நெனைக்கறேன்.

திருப்பூர்க்காரி:

அண்ணா, நான் உங்க பொண்ணு கட்சி. 1977 படத்துல லூக்கோட ரெட்டைப் பொறப்பு லேயாவோட கிரகத்தை அவ கண்ணு முன்னாடியே வெடிக்க வைக்கறாங்க. உத்தரவு போட்டது வேற ஆள்தான். ஆனா அவ பின்னாடியே நின்னு தோளைப் பிடிச்சிருந்தது வேடர். 1983-ல அவன் ஆவி சிரிச்சிட்டு நிக்கறதை லூக் பாக்கறான். லேயா வந்து கூடப்பொறந்தவனைக் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறா, அவ்வளவுதான். அவ மன்னிச்சாளான்னு அந்தப் படம் கேக்கவே இல்ல. 2004-ல வந்த டிவிடில இன்னொரு கூத்து. வயசான நடிகரை எடுத்துட்டு, இளவயசு நடிகரை ஆவியா நிறுத்திட்டாங்க. கெட்டவனா வாழ்ந்த காலத்தை மூஞ்சில இருந்தே தொடச்சு எடுத்த மாதிரி!

நெசமாத் திருந்தினது கைலோ படையில சிப்பாயா இருந்த ஃபின். 2015 படம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே ஊர்சனத்தைச் சுடச் சொல்லி கைலோ உத்தரவு போடறான். அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் சாகற கூட்டாளி ரத்தக் கையை ஃபின்னோட ஹெல்மெட்ல இழுத்துட்டுப் போறான். ஃபின் சுடல. பயந்து, வேர்த்து, ஓடி வந்துடறான். அவனைப் பத்தி இப்படி யாராவது கேள்வி கேக்கறோமா? எக்ஸ்போர்ட் கம்பெனில ஒரு சரக்கு கெட்டா மொதல்ல வாயைத் திறந்து சொன்னவனைத்தான் திட்டுவாங்க. கடைசி நாள்ல வந்து கப்பல் ஏத்தினவனுக்குத்தான் கை தட்டு.

பவானி:

வில்லன் திருந்திட்டா அடுத்த பாகத்துல யாரு கூடங்க சண்டை போடறது? அதுக்காகத்தான் வேடர் குழிக்குள்ள வீசின பேரரசனையே 2019-ல மறுபடி எழுப்பிக் கொண்டாந்தாங்க. அந்த மனுசன் உசுரக் கொடுத்து செஞ்ச ஒரே நல்ல காரியமும் வீணாப் போச்சு. மொதல்ல அதுக்குக் கோவப்படுங்க.

சோமனூர் தறிக்காரன்:

பவானிக்காரரு சொன்னதைக் கேட்டு மக விழுந்து விழுந்து சிரிச்சா. திருப்பூர்த் தங்கச்சி சொன்னதுலதான் நான் மாட்டிக்கிட்டேன். திருந்தின அன்னைக்கே செத்துட்டா, அடுத்த நாள் காத்தால யாரு மூஞ்சியிலயும் முழிக்க வேண்டியதில்லீங்களே.

எங்க தோட்டத்துக் கெணறு பங்காளிக மூணு வீட்டுக்கும் பொது. ஒரே மோட்டார், முறை வெச்சு எறைச்சுக்கணும். பெரியப்பா ஒருத்தரு, எங்க முறையன்னைக்கு ராத்திரி பீஸ் கட்டையைக் கழட்டிட்டுப் போயிருவாரு. த்ரீ பேஸ் கரண்ட்டே அப்பெல்லாம் ராத்திரிலதான் வரும். மூணு வருசம் இப்படி. தென்னை மட்டையெல்லாம் தொங்கிப் போச்சு. அப்பா இல்லாத வீடு, அம்மா யாருகிட்டப் போயி சண்டை போடும்?

பொறகு ஒரு தை மாசம் காத்தால அவரே வந்தாரு. துண்டுல முடிஞ்சு வெச்சிருந்த பீஸ் கட்டையை எடுத்துத் திண்ணையில வெச்சாரு. என்ன நெனைச்சு வந்தாரோ, இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அம்மா ஒண்ணும் பேசல. உள்ள போயி ஒரு டம்ளர் மோர் கொண்டாந்து வெச்சுது. குடிச்சுட்டுப் போனாரு.

அதுக்கப்புறம் பதினோரு வருசம் இருந்தாரு. ஒருநாள் கூட கட்டையைத் தொடல. ஆனா அம்மா ஒவ்வொரு முறையன்னைக்கும் ராத்திரி எந்திரிச்சு, பேட்டரி லைட்டை எடுத்துட்டுப் போயி மோட்டார் ரூமைப் பாத்துட்டு வரும். மோர் கொடுத்த அதே அம்மாதானுங்க. பெரியப்பா குடியிருந்த தோட்டத்துச் சாளையைத் தாண்டித்தான் போகணும். பேட்டரி வெளிச்சம் போறது அவருக்குத் தெரியாம இருக்குமா?

கொஞ்ச நாள் கழிச்சு, எங்க முறையன்னைக்கு மட்டும் அவரு வாசல் லைட்டு எரிய ஆரம்பிச்சுது. அம்மா போயிட்டுத் திரும்பி வர்ற வரைக்கும் எரியும்.