முன் மோட்டார் தூங்கலாமா? பின்சக்கர, நான்கு சக்கர மின்கார் அனுபவங்கள்

சாலைப்பித்தன்

மின்கார் வாங்க நினைப்பவர்கள் ரேஞ்சுக்கு (ஒரு சார்ஜில் ஓடும் தூரத்துக்கு) அடுத்தபடியாகக் கேட்பது "ஒரு மோட்டாரா, இரண்டு மோட்டாரா?" என்பதைத்தான். ஒற்றை மோட்டார் என்றால் இங்கே பேசுவது பின்சக்கரங்களை மட்டும் ஓட்டுவதை, இரட்டை என்றால் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக நான்கு சக்கரங்களையும் ஓட்டுவதை. விளம்பர வாசகங்கள் வேண்டாம். ஓட்டிக் கண்டதை எழுதுங்கள். நானே தொடங்கிவைக்கிறேன்.

என் கார் பின்சக்கர இயக்கம். அதற்கு முன்பு முன்சக்கரப் பெட்ரோல் கார்களையே ஓட்டியவன். பின்சக்கரம் என்றால் மழையில் வாலை வீசும் என்று பயமுறுத்தாதவர்கள் இல்லை. ஒருநாள் கொட்டும் மழையில் செங்குத்தான கொண்டை ஊசி வளைவு. பின்னால் ஒரு லாரி முட்டுவதுபோல் வர, மிதியைச் சற்று அழுத்தமாகவே மிதித்தேன். பின்பக்கம் ஒரு விரற்கடை நகர்ந்தது, சறுக்கலைத் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோலின் மஞ்சள் விளக்கு ஒருமுறை இமைத்தது, அதற்குள் கார் நேராகி ஏறிக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்கைத் திருத்தும் வேலையே எனக்கு வரவில்லை.

காரணம் எளிது. இன்ஜின் காரில் சக்கரம் சறுக்கினால் காற்றையும் எரிபொருளையும் குறைக்க வேண்டும், பிரேக்கைப் பிடிக்க வேண்டும். அதற்குள் சறுக்கல் வளர்ந்துவிடும். மோட்டாரிலோ மின்னோட்டத்தைக் குறைத்தால் போதும், எல்லாம் சில மில்லிநொடிகளில் முடிந்துவிடும். தவிர, பேட்டரி தரைக்கடியில் பரந்து கிடப்பதால் எடை இரண்டு அச்சுகளுக்கும் ஏறத்தாழச் சமமாகப் பிரிகிறது. ஏற்றத்தில் பாரம் இன்னும் பின்னுக்குச் சாய்கிறது. முன்னால் கனத்த இன்ஜினும் பின்னால் காலிப் பெட்டியுமாக ஓடிய பழைய கார்களின் கெட்ட பெயரை இதன் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

உறைபனி

மழையோடு நிறுத்திக்கொண்டீர்கள். பனிக்கு வாருங்கள்.

என்னுடையதும் பின்சக்கரம்தான், குளிர்கால டயர் போட்டது. தோழியின் கார் இரட்டை மோட்டார், அவள் கோடை டயரை மாற்றவே இல்லை. பனி இறுகிய ஒரே சரிவில் இருவரும் ஏறினோம். அவள் கார் கொஞ்சம் திணறினாலும் நான்கு சக்கரத்தின் புண்ணியத்தில் மேலே வந்து சேர்ந்துவிட்டது. இறங்கும்போதுதான் வேடிக்கை. நான் திருப்பத்தில் நின்றேன். அவள் கார் ஏபிஎஸ் கடகடவென்று அதிர, என்னைக் கடந்து போய் ஓரத்துப் பனிக்குவியலில் மூக்கைச் சொருகிக்கொண்டது. நல்லவேளை, எதிரில் யாரும் வரவில்லை. எந்தக் காராக இருந்தாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் உண்டு. நான்கு சக்கர இயக்கம் கிளம்புவதற்கு உதவும், நிற்பதற்கு டயர்தான் உதவும். இதைச் சொன்னால் விற்பனையாளர்களுக்குப் பிடிப்பதில்லை.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. மிதியிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறதே, அந்த ரீஜென் பிரேக் பின்சக்கரக் காரில் பின் அச்சில் மட்டும் விழுகிறது. பாலத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம். காலை எடுத்தேன், இடுப்புக்குக் கீழே கார் பக்கவாட்டில் நழுவுவது தெரிந்தது. உடனே கணினி ரீஜெனைக் கைவிட்டது. அதுவரை இழுத்துப் பிடித்திருந்த வண்டி சட்டென்று கட்டவிழ்ந்ததுபோல் ஓடியது. பிரேக் மிதியைத் தேடிய அந்த நொடி எனக்குப் பிடிக்கவில்லை. வழுக்கும் நாட்களில் இப்போதெல்லாம் ரீஜெனைக் குறைத்துவைத்தே ஓட்டுகிறேன். இரண்டு அச்சுகளிலும் மோட்டார் உள்ள காரில் அந்த வேலை பகிர்ந்துகொள்ளப்படுகிறது. முன்சக்கரங்களே பிரேக்கின்போது அதிகப் பாரம் தாங்குபவை என்பதால் பிடிமானமும் கூடுதல். என்னைக் கேட்டால் நான்கு சக்கர இயக்கத்தின் உண்மையான லாபம் வேகமெடுப்பதில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

பட்டறைவாசி

உறைபனி சொன்னது முழுக்கச் சரி. பட்டறைப் பக்கத்திலிருந்து நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

இரட்டை மோட்டார் காரை லிஃப்டில் ஏற்றி, முன்சக்கரங்களை ஆளுக்கொன்றாக இருவர் பிடித்து ஒரே திசையில் சுழற்றிப் பாருங்கள். ஒன்றை மட்டும் சுழற்றினால் பயனில்லை. இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் மறுபக்கச் சக்கரத்தை எதிர்த்திசையில் திருப்பிவிடும், மோட்டார் அசையாது. முன்னால் இருப்பது நிரந்தரக் காந்த மோட்டார் என்றால், கை எடுத்ததும் சக்கரம் சோம்பலாக நின்றுவிடும். சக்கரம் ஒரு சுற்று சுற்ற மோட்டார் ஏறக்குறைய பத்துச் சுற்று சுற்றியாக வேண்டும், காந்தம் சும்மா சுழன்றாலும் இரும்பு உள்ளகத்தில் இழப்பு உண்டு. நெடுஞ்சாலையில் இந்தச் சுமையை மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவதை எண்ணிப் பாருங்கள். அதே மோட்டாரைக் கியரிலிருந்து விடுவிக்கும் அமைப்பு இருந்து, அது பிரிந்திருக்கும்போது சுழற்றினால், கை எடுத்த பிறகும் சக்கரம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த இழப்பைத் தவிர்க்க இரண்டு வழிகள் பிடித்திருக்கிறார்கள். ஒன்று, முன்னால் காந்தமே இல்லாத தூண்டல் மோட்டார். டெஸ்லா மாடல் 3, ஃபோக்ஸ்வாகன் ஐடி.4 இரண்டின் நான்கு சக்கர வகைகளும் இப்படி வந்தவை. 2025இல் அறிமுகமான பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ்3யும் முன்னால் தூண்டல் மோட்டாரையே வைத்திருக்கிறது. மற்றது, நான் மேலே சொன்ன பிரிக்கும் அமைப்பு. ஹூண்டாய் ஐயோனிக் 5இல் அது இருக்கிறது, மெர்சிடிஸின் புதிய மின்சார சிஎல்ஏவிலும் இருக்கிறது.

ஆனாலும் இரண்டாவது மோட்டார் இலவசமாக வருவதில்லை. 2022 ஐயோனிக் 5க்கு அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் முகமையான இபிஏவின் ரேஞ்ச் அளவீடு, பெரிய பேட்டரியுடன், பின்சக்கரத்துக்கு 303 மைல், நான்கு சக்கரத்துக்கு 256 மைல். ஏறத்தாழ 488 கிலோமீட்டரும் 412 கிலோமீட்டரும். பழி முழுவதும் மோட்டார் மேல் இல்லை, எடைக்கும் பங்கு உண்டு. இருந்தாலும் தினமும் பயன்படாத ஒன்றுக்கு அது பெரிய விலை.

என் கணிப்பு: சண்டை ஏற்கெனவே பாதி முடிந்துவிட்டது. வோல்வோ எக்ஸ்சி40 ரீசார்ஜும் போல்ஸ்டார் 2உம் முன்சக்கரத்தில் தொடங்கிய தங்கள் ஒற்றை மோட்டார் வகைகளை 2023இல் பின்சக்கரத்துக்கு மாற்றின. இருக்கும் காரில் அச்சையே மாற்றுவது எந்த நிறுவனமும் விளையாட்டாகச் செய்கிற காரியமல்ல. பின் மோட்டார்தான் உழைப்பாளி, முன் மோட்டார் கூப்பிட்டால் வருகிற ஆள். இன்ஜின் காரில் விசையை மற்ற அச்சுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டும் டிரான்ஸ்ஃபர் கேஸும் இல்லாமல் ஒரு மோட்டாரைச் சேர்த்தாலே நான்கு சக்கரம் கிடைத்துவிடுவதால் அந்த வகையும் ஒழியாது. ஆனால் பெரும்பாலான நேரம் அதுவும் பின்சக்கரக் காராகவே ஓடும்.

சிறுசந்து

பனியும் மலையும் எனக்கு இல்லை. பின்சக்கரக் காரில் முன்பக்கம் மோட்டாரும் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டும் இல்லாததால் ஸ்டீயரிங் அதிகம் ஒடிகிறது. ஃபோக்ஸ்வாகன் ஐடி.3இன் திருப்ப வட்டம் 10.2 மீட்டர்தான். குறுகலான தெருவில் முன்னும் பின்னும் எடுக்காமல் ஒரே வீச்சில் திருப்பும்போது நான்கு சக்கரத்தின் நினைவே வருவதில்லை.

படகுக்காரர்

பட்டறைவாசி, உழைப்பாளி யார் என்பது எந்த அச்சு ஈரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. டிரெய்லரில் படகு இழுப்பவன் நான். படகுத்துறைச் சரிவில் டிரெய்லரைத் தண்ணீருக்குள் விடும்போது காரின் பின்சக்கரங்கள் நிற்பது பாசி படிந்த கடைசி அடிகளில். முன்சக்கரங்கள் மேலே உலர்ந்த கான்கிரீட்டில். பின்சக்கரக் காரில் இருக்கிற விசை எல்லாம் போவது அந்தப் பாசிக்கு. டிரெய்லரின் கனம் பின் அச்சை அழுத்தினாலும் டயர் பளபளவென்று சுற்றுமே தவிர வண்டி நகராது. டிராக்ஷன் கன்ட்ரோல் விசையை வெட்டிக்கொண்டே இருக்கும், படகு தண்ணீரிலேயே ஆடிக்கொண்டிருக்கும். மென்பொருள் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் பிடிமானம் இல்லாத இடத்தில் அதை உண்டாக்க முடியாது.

பட்டறைவாசி

ஒப்புக்கொள்கிறேன். சரிவில் எனக்கும் இரண்டு மோட்டார் வேண்டும். ஒன்று செய்யுங்கள்: சிக்கனப் பயன்முறையில் விட்டால் சில கார்களில் முன் மோட்டார் பிரிந்தே இருக்கும், பின்சக்கரம் சறுக்கிய பிறகுதான் சேரும். சரிவில் இறங்கும் முன்பே பனி முறையையோ இழுவை முறையையோ தேர்ந்தெடுத்து, திரையில் முன் அச்சுக்கும் விசை போவதைப் பார்த்துவிட்டு ஏறத் தொடங்குங்கள்.