சீரிஸ் போர்டில் 40 வாட்ஸ் பல்பு ஏன் 100 வாட்ஸை முந்துகிறது?

புதுவயர்: பழுதான சாமான்களை மேசை மேல் வைத்துச் சோதிக்க ஒரு சீரிஸ் போர்டு செய்திருக்கிறேன். 100 வாட்ஸ் குண்டு பல்பு, அதோடு சீரிஸில் (ஒன்றின் வழியாகவே மற்றதற்குக் கரண்ட் போகும்படி) 6 ஆம்பியர் சாக்கெட். சாக்கெட்டில் 40 வாட்ஸ் குண்டு பல்பைச் செருகினால் அது நன்றாக எரிகிறது. போர்டில் உள்ள 100 வாட்ஸ் லேசாகச் சிவப்பதோடு சரி. பேரலலில் (இரண்டையும் தனித்தனியாக நேராக மெயினில்) போட்டால் 100தான் பிரகாசம். இன்னொன்று, 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸைச் செருகினால் போர்டு பல்பு பளிச்சென்று எரிகிறது, அயர்ன் சூடாகவே இல்லை. ஷார்ட்டா? மிக்ஸி உறுமுகிறது, சுற்றவில்லை. குண்டு பல்பு இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை, எல்இடி போடலாமா?

ஓம்கணக்கு: பல்பின் மேல் அச்சிட்ட வாட்ஸ் 230 வோல்ட் முழுதாகக் கிடைத்தால் மட்டும் செல்லும். மாறாமல் கூடவே வருவது மின்தடைதான் (அதுவும் ஓரளவுக்கு, கீழே சொல்கிறேன்). 230 × 230 ÷ 40 = 1322 ஓம். 100 வாட்ஸுக்கு 529 ஓம். வாட்ஸ் குறைந்த பல்புக்குத்தான் தடை அதிகம்.

சீரிஸில் இரண்டிலும் ஒரே கரண்ட்: 230 ÷ 1851 = 0.124 ஆம்பியர். தடைக்கேற்ப வோல்ட்டேஜ் பிரியும். 40க்கு 164 வோல்ட், 100க்கு 66 வோல்ட். பவராகப் பார்த்தால் முன்னதில் 20 வாட்ஸ், பின்னதில் 8 வாட்ஸ். பேரலலில் இரண்டுக்கும் முழு 230 கிடைப்பதால் அவரவர் வாட்ஸ் அப்படியே வரும்.

மீட்டர் வைத்துப் பார்த்தால் 40 வாட்ஸில் 164ஐவிடக் கூடுதலாகவே காட்டும். டங்ஸ்டன் இழை ஆறியிருக்கும்போது தடை மிகக் குறைவு. 100 வாட்ஸ் பல்பைக் கழற்றி அளந்தால் 40 ஓமுக்குப் பக்கத்தில்தான் இருக்கும், 529 அல்ல. அரைகுறையாகச் சூடான இழை தன் பங்கு வோல்ட்டேஜையும் அடுத்த பல்புக்கு விட்டுக்கொடுத்துவிடும்.

பணிமேசை: அயர்ன் பாக்ஸ் ஷார்ட் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. 1000 வாட்ஸ் காயில் 53 ஓம். 529க்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை. பல்புக்கு 209 வோல்ட், அயர்னுக்கு 21 வோல்ட், எட்டே வாட்ஸில் எப்படிச் சூடாகும்? நல்ல அயர்னும் ஷார்ட்டான அயர்னும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும். ஹீட்டர் சாமான்களுக்கு மல்டிமீட்டரே சரி: பிளக்கின் இரு முனைகளுக்கு இடையே 53 ஓம் அளவில் இருக்க வேண்டும் (750 வாட்ஸ் என்றால் 70, 2000 வாட்ஸ் கீசருக்கு 26). எர்த் முனைக்கும் மற்றவற்றுக்கும் இடையே இணைப்பே காட்டக் கூடாது.

மிக்ஸியும் இதே கதைதான். 100 வாட்ஸ் பல்பு 0.43 ஆம்பியருக்கு மேல் விடாது. 750 வாட்ஸ் மோட்டாருக்கு ஓடவே 3 ஆம்பியருக்கு மேல் வேண்டும், கிளம்ப இன்னும் அதிகம். ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரை இதில் போடவே வேண்டாம்.

இந்தப் போர்டு உண்மையில் கைகொடுப்பது எஸ்எம்பிஎஸ் (டிவி, சார்ஜர் போன்றவற்றில் உள்ள ஸ்விட்சிங் பவர் சப்ளை) வேலைக்கு. பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தால் கப்பாசிட்டர் சார்ஜ் ஆகிவிட்டது, சப்ளை நலம். பிரகாசமாகவே நின்றால் பிரிட்ஜ் டயோடோ (ஏசியை டிசி ஆக்குவது) மாஸ்ஃபெட்டோ (சுவிட்ச் செய்யும் டிரான்சிஸ்டர்) ஷார்ட் ஆகிப் போயிருக்கும். மின்னி மின்னி அணைந்தால் செகண்டரியில் (டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டுப் பக்கம்) ஷார்ட் இருக்கலாம், அல்லது லோடுக்குப் பல்பு சின்னது. பெரிய பல்பு மாற்றிப் பாருங்கள். பல்பு எரியவே இல்லை என்றால் உடனே ஓப்பன் (உள்ளே எங்கோ இணைப்பு அறுந்தது) என்று முடிவு கட்டாதீர்கள். மொபைல் சார்ஜர் இழுக்கும் 0.05 ஆம்பியருக்கு இழை சிவக்காது.

எல்இடி கூடாது. உள்ளே டிரைவர் சர்க்யூட், அது வெறும் தடைபோல நடக்காது. ஹாலஜன் போடலாம், அதுவும் இழை பல்புதான்.

புதுவயர்: நன்றி. என் போர்டில் பல்பு நியூட்ரல் ஒயரில் இருக்கிறது, பேஸ் நேராக சாக்கெட்டுக்குப் போகிறது. சீரிஸில் கரண்ட் எங்கும் ஒன்றுதானே, பரவாயில்லையா?

பணிமேசை: பரவாயில்லை இல்லை. மாற்றுங்கள். வேறு வழி இல்லாதவரைக்கும்தான் கரண்ட் எங்கும் ஒன்று. பேஸ் சாமானின் பாடியில் தொட்டால் எர்த் வழியாக இன்னொரு பாதை திறந்துவிடும். அந்தப் பாதையில் உங்கள் பல்பு இல்லை. முழு ஷார்ட் கரண்ட் பாயும், எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் விழும் சுவிட்ச்) விழும், பல்பு சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் பேஸ், சுவிட்ச், பல்பு, சாக்கெட் என்ற வரிசைதான் சரி; நியூட்ரலும் எர்த்தும் நேராக. ஹோல்டர் பீங்கானில் இருக்கட்டும்.

சீரிஸில் பல்பு இருப்பதால் ஷாக் அடிக்காது என்றும் நினைக்க வேண்டாம். 0.43 ஆம்பியர் ஆளைக் கொல்லும். முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் சப்ளையை அறுக்கும் சுவிட்ச்) அவசியம்.

ஓம்கணக்கு: ஒரே பல்போடு நிற்காமல் 40, 60, 100, 200 என நான்கு ஹோல்டர் வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச். நான்கும் தங்களுக்குள் பேரலல், மொத்தமாக சாக்கெட்டுக்கு சீரிஸ். 40 மட்டும் போட்டால் உச்சவரம்பு 0.17 ஆம்பியர், எல்லாம் போட்டால் 1.74. நிலை தெரியாத சர்க்யூட் போர்டுக்கு 40ல் ஆரம்பித்து ஏற்றிக்கொண்டே போகலாம். ஐந்தாவதாக ஒரு நேரடி சுவிட்சும் பல்புகளுக்குப் பேரலலாக வைத்தால் மிக்ஸியை முழு 230ல் ஓட்டிப் பார்க்கலாம். அதைத் தவறுதலாக ஆன் நிலையில் விட்டால் பாதுகாப்பு பூஜ்யம். சிவப்பு இண்டிகேட்டர் உள்ள சுவிட்சாக வாங்குங்கள்.